கேப்டன் இல்லாத படம்

என் தம்பி ஐசம் ஒன்பது வருஷமாக ஒரே படத்தை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒன்பது வருஷத்தில் அவனுக்குத் தலை நரைத்தது, கல்யாணம் முறிந்தது. நான் என் வீட்டை இரண்டு தடவை அடமானம் வைத்தேன். படம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் டைரக்டர், நான் ப்ரொட்யூசர். ப்ரொட்யூசர் என்றதும் சுருட்டும் சோபாவும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கதவு கதவாகப் போய்த் தட்டுகிறவள், அவ்வளவுதான்.

கதை எங்கள் குடும்பத்துக் கதை. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் டைட்டஸ் மங்கினும் அவர் மனைவி ஹேகரும், அமெரிக்காவில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த மூன்றாவது வருஷம், தங்களை அடிமையாக வைத்து வேலை வாங்கியவனின் நிலத்தையே ஏலத்தில் எடுத்தார்கள். வரி கட்டாமல் ஏலத்துக்கு வந்த நிலம் அது. சிப்பி பொறுக்கியும் துணி வெளுத்தும் சேர்த்த காசை ஹேகர் மடியிலிருந்து ஏல மேஜை மேல் கொட்டினாள். குமாஸ்தா நம்பாமல் மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் சரியாக இருந்தது. கரோலினா கடற்கரையில் மங்கின் முனை என்கிற அந்த நூறு ஏக்கர் இன்றைக்கும் எங்களுடையதுதான்.

இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்காத சினிமாக்காரர்கள் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். ஒருவர், "அடிமைப் படம் போன வருஷம்தானே ஒண்ணு வந்துச்சு" என்றார். இது அடிமைப் படம் இல்லை ஐயா, நிலம் வாங்குகிற படம் என்றேன். இன்னொருவர் வெளிநாட்டில் ஓடாது என்றார். மூன்றாமவர் ரொம்பப் பிரியமாக, "நல்ல வெள்ளைக்காரர் ஒருத்தர்கூட இல்லையே, பாக்கறவங்க யாரைப் பிடிச்சுக்கிட்டு கதைக்குள்ள போவாங்க?" என்று கேட்டார். "ஹேகரைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டுமே, அவளுக்குக் கை இல்லையா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் லார்க்மூர் என்கிற கம்பெனியில் சிமோன் டார்வர் கிடைத்தாள். எங்கள் இனத்துப் பெண். அந்த மாடியில் அவள் ஒருத்திதான் கறுப்பு. எங்களுக்காக அவள் தன் முதலாளிகளோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினாள். அவர்களுக்கு ஒரு கேப்டன் வேண்டும். வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. ஏலத்தில் ஹேகருக்குப் பணம் குறையும்போது எழுந்து நின்று மீதியைப் போடுகிற மகராசன். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. ஐசம் கேப்டன் வருகிற பக்கத்தைக் கிழித்து அவர்களுக்கே தபாலில் அனுப்பினான். குழந்தைத்தனம்தான், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டார்வர் கடைசியில் இரண்டு காண்ட்ராக்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றில் கேப்டன் உண்டு, பணம் தாராளம், கையெழுத்துப் போட்ட அன்றே ஐசமுக்குச் சம்பளத்தில் பாதி, அறுபதாயிரம் டாலர். இன்னொன்றில் கேப்டன் கிடையாது, பணம் இறுக்கம், ஐசமுக்குச் சம்பளமும் கிடையாது. படம் ஓடினால் பார்க்கலாம். எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், ஆனால் வெள்ளிக்கிழமை அந்திக்குள், ஐந்து மணிக்கு முன்னால். ஐசம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சம்பளத்தை அவங்களே வெச்சுக்கட்டும், கேப்டனையும் அவங்களே வெச்சுக்கட்டும்" என்றான்.

இரண்டுக்கும் பொதுவாக இன்சூரன்ஸ்காரர்கள் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஷூட்டிங் நடக்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கேதான் வினை. டைட்டஸ் உயில் எழுதவில்லை. கோர்ட் யார் கையில் இருந்தது என்று அவருக்குத் தெரியும், அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று இருந்துவிட்டார். பிள்ளைகளும் எழுதவில்லை, பேரப்பிள்ளைகளும் எழுதவில்லை. அதனால் நிலம் பிரியாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. எங்களில் யாராவது ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் போதும். அந்த வெளியாள் கோர்ட்டுக்குப் போய், பங்கு பிரிக்க முடியாது, மொத்தத்தையும் விற்றுக் காசைப் பிரியுங்கள் என்று கேட்கலாம். கோர்ட் தலையாட்டினால் முடிந்தது. சொந்தக்காரர்கள் நாங்களே திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது சட்டத்தில் ஒரு வரி உண்டு. வாங்கப் பணம் வேண்டாமா?

இதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு. பங்குக்காரர்கள் பெயரை யாரும் ஒரே தாளில் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு கிளையும் தன் ஆட்களின் பெயரை வாயிலேயே வைத்திருக்கும். சின்ன வயதில் நான் ஒரு தடவை நோட்டில் வம்சப் படம் வரைந்ததற்கு என் அப்பா அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டார். அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த நான், ஐந்து மாதம் ஊர் ஊராகப் போன் போட்டு, அறுபத்து மூன்று பேரையும் கண்டுபிடித்து, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். எழுதி முடித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! சீ, அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அறுபத்திரண்டு கையெழுத்து கையில் இருந்தது. பாக்கி ஏமஸ் அண்ணன் ஒருவர்தான். பெரியப்பா மகன், இறால் படகு வைத்திருப்பவர், மங்கின் முனையிலேயே குடியிருப்பவர். நானும் ஐசமும் போனபோது கொட்டகையில் வலையை விரித்துப்போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, ஹாலிவுட்காரங்க" என்றார். "நான் நடிக்கணுமா, இல்ல கையெழுத்து மட்டும் போதுமா?"

"நீங்க நடிச்சா இறால் கம்பெனிகூட பணம் போடாது அண்ணா. கையெழுத்துதான்" என்றேன்.

சிரித்தார். தாளை வாங்கிப் படித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினார்.

"இது என்ன டெல்ஃபின்? எல்லார் பேரும் இருக்கு."

"எல்லாரும் கையெழுத்துப் போடணும்ல."

"ஆளுக்கொரு தாள் வெச்சிருக்கலாமே. இப்படி வரிசையா, வீட்டு நம்பரோட... இது யார்கிட்ட போகும்?"

"இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மட்டும்."

"இன்னும் போகலியே?"

"இல்ல" என்றேன்.

பொய். வேலை வேகமாக நடக்கட்டும் என்று செவ்வாய்க்கிழமையே ஈமெயிலில் அனுப்பியிருந்தேன். ஐசமிடம்கூடச் சொல்லவில்லை. என் அவசரபுத்தி.

ஏமஸ் அண்ணன் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும். பக்கத்து நெலத்து டோமர் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா? நியூவார்க்ல இருந்த அவங்க பய ஒருத்தன், அந்த மண்ண ஒரு நாள் மிதிச்சதில்ல, பங்க வித்தான். இன்னிக்கு அங்க கோல்ஃப் ஆடறாங்க. அவங்கம்மா கல்லறைக்குப் பூ வைக்கணும்னா கேட்ல வாட்ச்மேன்கிட்ட சீட்டு வாங்கணும்."

"அண்ணா, அஞ்சு மணிக்குள்ள போகலேன்னா படமே இல்ல" என்றான் ஐசம். குரல் கெஞ்சியது. "ஒம்போது வருஷம் அண்ணா."

"தெரியும்டா. உன் படம் மேல எனக்கு என்ன கோவம்? ஆனா படத்துல காட்டறதுக்கு நெலம் இருக்கணுமா வேண்டாமா?"

அப்போது என் போன் அடித்தது. டெட்ராய்ட் நம்பர். ஆரின், எங்கள் அத்தை பேரன், கார் தொழிற்சாலையில் வேலை போய் வாடகை வண்டி ஓட்டுகிறவன். மங்கின் முனையைப் பார்த்ததே இல்லை. நான் போன் செய்து சொல்கிறவரை தனக்கு அங்கே பங்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"டெல்ஃபின் அக்கா, ஒரு சந்தேகம்" என்றான். "என் பங்கை வாங்கிக்கிறேன்னு ஒரு ஆள் கூப்பிட்டாரு. முப்பத்தஞ்சாயிரம் தர்றாராம். இன்னிக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கே பத்திரத்தோட வர்றாராம். இது உங்க சினிமா சம்பந்தப்பட்ட ஆளா?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன், திரும்பச் சொல்லச் சொன்னேன். வலை ஊசி ஏமஸ் அண்ணன் கையில் அப்படியே நின்றது.

"ஆரின்" என்றேன், "அது எங்க ஆள் இல்ல. வித்துடாத தம்பி. நீ வித்தா அவன் கோர்ட்டுக்குப் போவான், எல்லாருக்கும் போயிடும்."

"அக்கா, நான் கெட்டவன் இல்ல. ஆனா ரெண்டு மாசம் வாடகை பாக்கி, திங்கக்கிழமை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வருவாங்க. அதே பணம் நீங்க குடுங்க, உங்க பேருக்கே எழுதித் தர்றேன். ரத்தம்தானே. சும்மா விட்டுக்குடுன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னால முடியாது."

"ஆறு மணி வரைக்கும் பொறு" என்றேன்.

"ஆறு வரைக்கும்தான்" என்றான்.

போனை வைத்தேன். ஐசம்தான் கேட்டான். "அக்கா, ஆரின் பேரு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அனுப்பியதைச் சொல்லிவிட்டேன். அங்கே யார் மேஜைக்குப் போனது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

ஏமஸ் அண்ணன் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"வெள்ளைக்காரன் நூத்தம்பது வருஷமாத் தேடினான். எவன்கிட்டயும் சிக்கல. எங்க வீட்டுப் பொண்ணு கட்டம் போட்டு எழுதி அனுப்பிவெச்சுட்டா" என்றார். "படிச்ச பொண்ணு!"

நான் அழுதேன். ஐம்பத்தோரு வயதில், இறால் நாற்றம் அடிக்கிற கொட்டகையில் நின்று, மூக்கு ஒழுக அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பணத்துக்கு வழி தேடினோம். என் வீடு ஏற்கனவே இரண்டு முறை அடமானத்துக்குப் போயிற்று. அண்ணன் படகின் பேரில் கடன். சொந்தங்களிடம் வசூலித்தால் சேரும், ஆனால் அதற்கு ஒரு மாதம் ஆகும். நான்கு பேருக்குப் போன் போட்டேன். ஒருத்தி ஐந்நூறு டாலர் தருகிறேன் என்றாள், அதுவும் சம்பள நாளில். மணி இரண்டரை. மூன்றேகால். எங்களிடம் முப்பத்தைந்தாயிரம் இல்லை, கிடைக்கப் போவதும் இல்லை.

இருந்த ஒரே பணம் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஐசமுக்கும் தெரிந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? அவன் வெளியே போய் ஓடைக்கரையில், ஏல மேஜைக்கு செட் போட அடையாளம் வைத்திருந்த இடத்தில் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. நாற்பத்து நான்கு வயது ஆள், முதுகைப் பார்த்தால் எழுபது சொல்லலாம்.

நான்கு மணிக்கு உள்ளே வந்தான்.

"அண்ணா, கேப்டனோட எடுத்தா இன்னிக்கே அறுபதாயிரம் வரும்" என்றான்.

ஏமஸ் அண்ணனுக்குக் கேப்டன் விவகாரம் தெரியாது. நான்தான் விளக்கினேன். கேட்டு முடித்தபோது அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"அப்ப படத்துல ஹேகரோட காசு பத்தாது?"

"பத்தாது."

"ஒரு வெள்ளைக்கார தொரை குடுப்பாரு?"

"குடுப்பாரு."

"அதைப் பாத்து ஒலகம் பூரா நம்பும்?"

"நம்பும் அண்ணா" என்றான் ஐசம். "எடுக்கலேன்னா, உண்மையைச் சொல்ற படம் இருக்கும், நெலம் இருக்காது. கோல்ஃப் ஆடற இடத்துல நின்னு, ஒரு காலத்துல எங்க பாட்டி வாங்கினதுன்னு படம் காட்டலாம்."

"அந்தம்மாவைக் கூப்பிட்டு முன்பணம் கேளேன். கேப்டன் இல்லாமலே."

கூப்பிட்டோம். டார்வர் விஷயத்தை முழுக்கக் கேட்டாள். இடையில் ஒரு தடவை கெட்ட வார்த்தை சொன்னாள், எங்களைப் பார்த்து இல்லை. பத்து நிமிஷம் கொடுங்கள் என்று வைத்தாள். பத்து நிமிஷம் இருபது ஆயிற்று. அந்த இருபது நிமிஷம் நான் சாமியிடம் கேட்டதெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள்.

நாலு முப்பத்து மூன்றுக்குக் கூப்பிட்டாள்.

"முடியாதுன்னுட்டாங்க. கேப்டன் இல்லாத பேப்பர்ல உங்க சம்பளமே கிடையாது, அதனால முன்பணம்னு ஒண்ணு இல்லவே இல்லையாம். ரெண்டுல ஒண்ணு, அஞ்சு மணிக்குள்ள. ஐசம், அந்தக் கேப்டனைத் தூக்கறதுக்கு நான் என் வேலையையே பணயம் வெச்சேன்."

"தெரியும் சிமோன். மன்னிச்சுக்கோ."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? நான்தான் இந்தப் பேப்பரை உன்கிட்ட நீட்டறேன்" என்றாள்.

ஐசம் லேப்டாப்பைத் திறந்தான். கேப்டன் உள்ள காண்ட்ராக்டை எடுத்தான். ஏமஸ் அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, வலை மேல் வைத்தே தன் பெயரைப் போட்டார்.

"நான் போடறது படத்துக்கு இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றான் ஐசம்.

நாலு ஐம்பத்தொன்றுக்குக் கையெழுத்து. ஐந்தரைக்குப் பணம் வந்தது, உடனே முப்பத்தைந்தாயிரத்தை ஆரினுக்கு அனுப்பினோம். ஐந்து நாற்பதுக்கு ஆரின் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து தன் பங்கை ஏமஸ் அண்ணன் பெயருக்கு எழுதிக்கொடுத்து, தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். ஆறு மணிக்கு வந்த ஆள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனானாம். மிச்சம் இருந்த பணத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து, நிலத்தைக் குடும்ப டிரஸ்ட்டாக மாற்ற ஆரம்பித்தோம். மற்றவர்களுக்கும் போன் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குள் நான் பட்டியலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, என் முட்டாள்தனத்தை என் வாயாலேயே சொல்லி, காலில் விழாத குறையாகக் கேட்டிருந்தேன். யாரும் விற்கவில்லை.

ஐசம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அழுது, ஆறியிருப்பேன்.

அக்டோபரில் ஷூட்டிங். ஏலக் காட்சியில் கூட்டமாக நிற்க ஆள் வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களே நாற்பது பேர் அந்தக் காலத்து உடுப்பில் வந்து நின்றார்கள். டெட்ராய்டிலிருந்து ஆரினும் பஸ் பிடித்து வந்திருந்தான். வந்த அன்று அந்த மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏமஸ் அண்ணன் வரிசையில் முதல் ஆள், வைக்கோல் தொப்பியோடு.

கேப்டனாக நடித்தவர் நல்ல மனிதர். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு எல்லோரிடமும் பேர் கேட்டுக்கொண்டிருந்தார். ஹேகராக நடித்த பெண் காசைக் கொட்டினாள். குமாஸ்தா எண்ணினான். குறைகிறது என்றான். கேப்டன் எழுந்தார், பையைத் திறந்தார், பணத்தை வைத்தார். கூட்டம் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நன்றி சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. கம்பெனி ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்கிரிப்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கழற்றினார்கள். ஏமஸ் அண்ணன் கழற்றவில்லை.

"கட்" என்றான் ஐசம். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவர் கழற்றவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். "அந்தத் தாத்தாவை மாத்திடலாமா?" என்று என்னிடம் கேட்டான்.

ஐசம் கேமராவை விட்டு இறங்கி நடந்து வந்தான். அண்ணனுக்கு எதிரே நின்றான். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"அண்ணா, தொப்பியைக் கழட்டணும்."

"யாருக்கு?"

ஐசமால் கேப்டன் என்று சொல்ல முடியவில்லை. பிறகு குனிந்து, அவர் காலடியில் இருந்த மண்ணில் கொஞ்சம் அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

ஏமஸ் அண்ணன் மண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மறு கையால் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலை வெயிலில் தெரிந்தது.

"சீக்கிரம் எடுத்துத் தொலைடா" என்றார்.

ஐசம் திரும்பி ஓடினான். "ஆக்‌ஷன்" என்று அவன் கத்தியது அழுகிற குரலில் வந்தது. கேப்டன் பணத்தை வைத்தார். தங்கள் சொந்த மண்ணில் நின்ற நாற்பது பேரும் அவருக்குத் தலைகுனிந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தவள் நான். கம்பெனி ஆள் கட்டைவிரலை உயர்த்தி, காட்சி பிரமாதம் என்றான்.